போட்டியின்றித் தேர்வு: நன்னடத்தை அலுவலர் சங்கங்களில் நிர்வாகிகள் தேர்தல்

பிரிட்டனின் 1992ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் 46 முதல் 61 வரையான பிரிவுகள் நிர்வாகிகள் தேர்தலுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. யார் நிற்கலாம், யார் ஓட்டுப் போடலாம், சீட்டில் என்ன அச்சாகியிருக்க வேண்டும், யார் எண்ண வேண்டும், எண்ணி முடித்த சீட்டுகளை எவ்வளவு காலம் பத்திரப்படுத்த வேண்டும் என்று எதையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. நடுவே 53ஆம் பிரிவு வருகிறது. ஒரே வாக்கியம்: போட்டி இல்லாத தேர்தலுக்கு வாக்கெடுப்பு தேவையில்லை. லட்சக்கணக்கில் உறுப்பினர்கள் உள்ள சங்கங்களில் இந்தப் பிரிவு கண்ணில் படாமலே போய்விடும். சில ஆயிரம் பேரே உள்ள ஒரு தொழில்சார் சங்கத்தில் மற்ற எல்லாப் பிரிவுகளையும் அது ஒன்றே செல்லாக்காசாக்கிவிட முடியும்.

அப்படிப்பட்ட சங்கங்களில் ஒன்று நன்னடத்தை அலுவலர்களுடையது. குற்றம் நிரூபணமானவரைச் சிறைக்கு அனுப்பாமல், நிபந்தனைகளோடு வெளியே விட்டு, ஒருவருடைய கண்காணிப்பில் வைக்கிறது நீதிமன்றம். அந்த ஒருவர்தான் நன்னடத்தை அலுவலர். தண்டனைக்கு முன் நீதிபதிக்கு அறிக்கை எழுதுவது, வாராவாரம் ஆளை வரவழைத்துப் பேசுவது, வேலைக்கும் வீட்டுக்கும் வழி பார்ப்பது, நிபந்தனை மீறினால் மறுபடி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர் தலையில் விழும். சமூகப் பணியாளரா, சட்டத்தின் கையா என்ற இழுபறி அந்தத் தொழிலிலேயே இருக்கிறது. அவர்கள் நடத்தும் சங்கத்திலும் அதே இழுபறி உண்டு. தொழிலின் தரத்தைக் காக்கும் கழகமா, சம்பளத்துக்கும் பணிச்சுமைக்கும் போராடும் தொழிற்சங்கமா? நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

தொழிலின் வரலாறு தனியாட்களின் நல்லெண்ணத்திலிருந்து தொடங்குகிறது. 1841இல் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி, குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவருக்காக நீதிமன்றத்தில் பிணை நின்றார். 1876இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ரெய்னர் என்ற அச்சகக்காரர் மதுவிலக்குச் சங்கம் ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பி, காவல் நீதிமன்றங்களில் வந்து விழுபவர்களுக்காக ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிலிருந்து நீதிமன்ற ஊழியக்காரர்கள் வந்தார்கள். 1907இல் சட்டம் வந்து அந்த ஊழியத்தை உத்தியோகமாக்கியது. ஐந்து வருடம் கழித்து, 1912இல், நன்னடத்தை அலுவலர்களின் தேசியச் சங்கம் பிறந்தது. இன்று ‘நாப்போ’ என்ற சுருக்கப் பெயரே அதன் பெயர். அதை உருவாக்குவதில் முன்னின்றவர் சிட்னி எட்ரிட்ஜ். அவர் நன்னடத்தை அலுவலர் அல்ல. குரோய்டன் நீதிமன்றத்தின் எழுத்தர்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. தொழில் செய்பவனுக்குக் குரல் இல்லாத காலத்தில் வெளியாள்தான் முன்னால் நிற்பார். 1918இல் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது அதன் தலைவர் பி.பி. வாடியா, பிரம்மஞான சபைக்காரர், பின்னி ஆலையில் நெய்தவர் அல்லர். இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 2001இல் திருத்தப்பட்டபோது, பொதுவாக ஒரு சங்கத்தின் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வெளியாட்கள் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்ட வேண்டியிருந்தது. தொடங்கிவைக்கும் வெளியாளை இறக்கிவிடத் தனியாக ஒரு விதி தேவைப்படுகிறது.

வெளியாள் போனபின் வரும் கேள்வி இன்னும் சிக்கலானது. உள்ளே இருப்பவர்களில் யார்? அலுவலருக்கு மேலே மூத்த அலுவலர், அவருக்கு மேலே தலைமை அலுவலர். வேலைப்பளுவைப் பங்கிடுபவரும் அதைச் சுமப்பவரும் ஒரே சங்கத்தில் இருந்தால் தலைவர் பதவிக்கு யார் யாரை எதிர்த்து நிற்பது? இங்கிலாந்தில் தலைமை அலுவலர்கள் தனிச் சங்கம் வைத்துக்கொண்டு இதை முடித்துக்கொண்டார்கள். நாப்போ டி.யு.சி. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பில் இணைந்து தொழிற்சங்கமும் ஆனது. அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய நன்னடத்தை மற்றும் பரோல் சங்கம் வேறு வழியில் போனது. அங்கே கடைநிலை அலுவலர், துறைத் தலைவர், பேராசிரியர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். சம்பளப் பேச்சு அதன் வேலை அல்ல. அது உள்ளூர்த் தொழிற்சங்கங்களின் பாடு. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் நன்னடத்தை அலுவலர்களுக்கு ஏ.எஃப்.எஸ்.சி.எம்.இ. என்ற தொழிற்சங்கத்தின் 685ஆம் கிளை இருக்கிறது. தேசியச் சங்கம் மாநாடு, பயிற்சி, தரநிர்ணயம் என்று நிற்கிறது.

அந்த அமெரிக்க முறையில் ‘அடுத்த தலைவர்’ என்று ஒரு பதவி உண்டு. இன்று அடுத்த தலைவராகத் தேர்வாகிறவர் பதவிக்காலம் முடிந்ததும் தானாகத் தலைவராகிவிடுவார். தலைவர் முன்னாள் தலைவராகிக் குழுவில் நீடிப்பார். அமெரிக்கத் தொழில்சார் சங்கங்கள் பலவற்றில் இந்த ஏணி இருக்கிறது. அதன் நன்மை வெளிப்படை: பொறுப்புக்கு வருபவர் கணக்கு வழக்கு எல்லாம் பார்த்துப் பழகிவிட்டு வருகிறார். கெடுதலும் அதே அளவுக்கு வெளிப்படை. உறுப்பினர்கள் இன்றைய தலைவரை இரண்டு வருடம் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இடையில் அரசாங்கம் மாறி, நிதி வெட்டப்பட்டு, தொழிலே தலைகீழானாலும் வரிசையில் நிற்பவர்தான் வருவார். ஏணியின் முதல் படியில் ஏறுவதற்கும் பெரும்பாலும் வேட்பாளர் தேர்வுக்குழு என்ற ஒன்றின் தயவு வேண்டும்.

அந்தக் குழுவைப் பற்றி அமெரிக்காவின் கூட்ட நடைமுறை நூலான ராபர்ட்ஸ் ரூல்ஸ் எச்சரிக்கையோடுதான் பேசுகிறது. ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876இல் வெளியிட்டது. ரெய்னர் ஐந்து ஷில்லிங் அனுப்பிய அதே வருடம். தலைவர் அந்தக் குழுவை நியமிக்கக் கூடாது, அதில் உறுப்பினராகவும் இருக்கக் கூடாது என்பது அந்த மரபு. குழு பட்டியலைப் படித்த பின்னும் சபையில் யாரும் எழுந்து இன்னொரு பெயரை முன்மொழியலாம். இன்னொன்றும் அதில் இருக்கிறது, நமக்கு அதுதான் முக்கியம். சங்கத்தின் துணைவிதி வாக்குச்சீட்டு என்று சொல்லியிருந்தால், ஒரே ஒருவர் நின்றாலும் வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். சீட்டில் இல்லாத பெயரை உறுப்பினர் தன் கையால் எழுதிப் போடும் உரிமையை அது காப்பாற்றுகிறது. பிரிட்டிஷ் சட்டத்தின் 53ஆம் பிரிவுக்கு நேர் எதிர்.

நம் ஊர்ச் சட்டமும் பிரிட்டிஷ் பக்கம்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. அதிலும் அது 53ஆம் பிரிவாகவே அமைந்தது தற்செயல்: இடமும் ஆளும் சமமாக இருந்தால் தேர்தல் அலுவலர் உடனே வெற்றியை அறிவித்துவிட வேண்டும். 2024இல் சூரத் மக்களவைத் தொகுதியில் ஒருவர் அப்படித்தான் எம்.பி. ஆனார். 2013இல் உச்ச நீதிமன்றம் நோட்டாவைத் தந்திருந்தும், சூரத் வாக்காளருக்கு அதை அழுத்த இயந்திரமே வரவில்லை.

பிரிட்டிஷ் சட்டம் மற்ற விஷயங்களில் இவ்வளவு கெடுபிடியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1959இல் மின்தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர் தேர்தலில் ஃபிராங்க் ஹாக்ஸல் வென்றதாக அறிவித்தார்கள். எதிர்த்து நின்ற ஜாக் பைர்னுக்கு ஆதரவான கிளைகளின் வாக்குகள் தாமதமாக வந்தவை என்று தள்ளப்பட்டிருந்தன. வழக்கு நீதிமன்றம் போனது. 1961இல் நீதிபதி வின், நடந்தது மோசடி என்று தீர்ப்பளித்து பைர்னே பொதுச்செயலாளர் என்று அறிவித்தார். பிரிட்டிஷ் தொழிற்சங்க வரலாற்றில் அந்தக் கறை இன்றும் பேசப்படுகிறது. அடுத்தது சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில். 1984ஆம் ஆண்டுச் சட்டம் செயற்குழுவில் ஓட்டுரிமை உள்ளவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கச் சொன்னது. அவருடைய சங்கம் தன் தலைவரின் ஓட்டை எடுத்துவிட்டு அவரைக் காப்பாற்றியது. 1988இல் வந்த சட்டம் ஓட்டு இல்லாத தலைவருக்கும் பொதுச்செயலாளருக்கும் தேர்தல் கட்டாயம் என்று அந்த ஓட்டையையும் அடைத்தது. தாட்சர் அரசின் நோக்கம் தெளிவு: அசைக்க முடியாத தலைவர்களை அசைப்பது.

அதன் விளைவாக இன்று ஒரு சங்க உறுப்பினரின் வீட்டுக்கு வரும் உறையைப் பிரித்துப் பார்க்கலாம். வாக்குச்சீட்டு ஒன்று. அதில் சுயேச்சையான தேர்தல் பார்வையாளர் நிறுவனத்தின் பெயர், திருப்பி அனுப்பவேண்டிய முகவரி, கடைசித் தேதி. ஒவ்வொரு சீட்டிலும் தொடர் எண் வரிசையில் ஓர் எண். ரகசிய வாக்கெடுப்பில் எண்ணிட்ட சீட்டு எதற்கு என்று முதன்முறை பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்; மின்தொழிலாளர் சங்கத்தின் கதை தெரிந்தவருக்கு வராது. கூடவே ஒவ்வொரு வேட்பாளரின் தேர்தல் அறிக்கை. நூறு சொல்லுக்குக் குறைவாகச் சங்கம் வரம்பு விதிக்க முடியாது. வேட்பாளர் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. அவதூறு இருந்தால் வழக்கு எழுதியவர் மேல்தான், அச்சடித்த சங்கத்தின் மேல் அல்ல. திருப்பி அனுப்பத் தபால்தலை தேவைப்படாத உறை. பார்வையாளர் சீட்டுகளை ஒரு வருடம் தன் பொறுப்பில் வைத்திருப்பார். எத்தனை சீட்டு போனது, எத்தனை வந்தது, எத்தனை செல்லாதது என்ற அறிக்கையை மூன்று மாதத்துக்குள் சங்கம் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். குறை இருந்தால் ஒரு வருடத்துக்குள், தொழிற்சங்கங்களை மேற்பார்வையிடும் சான்றளிப்பு அதிகாரியிடம் புகார் செய்யலாம். நேர்த்தியான ஏற்பாடு. தமிழ்நாட்டில் கல்யாண மண்டபத்தில் சங்கத் தேர்தல் நடத்திப் பார்த்தவர்கள் பொறாமைப்படுவார்கள்.

ஆனால் அந்த உறையைப் பிரிப்பவர்கள் எத்தனை பேர்? பிரிட்டனின் மிகப் பெரிய சங்கங்களில் ஒன்றான யுனைட், 2021இல் ஷரன் கிரஹாமைப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 12 சதவீதம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் வேலைநிறுத்த வாக்கெடுப்பில் பாதிப் பேராவது பங்கேற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஒரு நாள் வேலைநிறுத்தத்துக்கு ஐம்பது சதவீதம் கேட்ட அரசு, ஐந்து வருடம் சங்கத்தை நடத்தப்போகிறவருக்கு ஒரு சதவீதம்கூடக் கேட்கவில்லை. பதிவான வாக்கின் அளவை வைத்து ஒரு தேர்தலை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. என்றாலும் அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் அக்கறை எங்கே இருந்தது என்பது இதில் தெரிகிறது.

நன்னடத்தை அலுவலர் சங்கம் போன்ற சிறிய அமைப்பில் நோய் வேறு. அங்கே அசைக்க முடியாத தலைவர் அபூர்வம். நிற்க ஆள் கிடைப்பதே பாடு. பொதுச்செயலாளர் சம்பளம் வாங்கும் முழுநேரப் பதவி என்பதால் அதற்குப் போட்டி வரும். தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவில் வட்டாரப் பிரதிநிதி ஆகியவை அப்படியல்ல. அவற்றுக்கு வருகிறவர் தன் மேசையில் குவிந்த வழக்குகளோடு வருகிறார். அவருடைய கண்காணிப்பில் இருப்பவர்களில் ஒருவர் வெளியே போய்ப் பெரிய குற்றம் செய்துவிட்டால் மறுஆய்வு நடக்கும், ஒவ்வொரு சந்திப்பும் பதிவாகியிருக்கிறதா என்று துருவுவார்கள். அந்த வாரம் சங்க வேலையாக லண்டன் போயிருந்தேன் என்று அங்கே சொல்ல முடியுமா?

சட்டம் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் நிர்வாகிக்குக் கடமை நேரத்தில் சம்பளத்தோடு விடுப்புத் தரவேண்டும் என்று அதே 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் 168, 169ஆம் பிரிவுகள் சொல்கின்றன. அளவு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும், அவ்வளவே. நேரம் தருவது ஒன்று, வழக்குகளைக் குறைப்பது இன்னொன்று. வாரத்தில் இரண்டு நாள் சங்க வேலைக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து நாள் வழக்குகளை அப்படியே வைத்தால் அந்த இரண்டு நாளும் சக ஊழியர் தலையில்தான் விழும். அவர்தான் வாக்காளர். பொதுத்துறை நிறுவனங்கள் இந்தச் சங்க நேரத்துக்கு ஆகும் செலவைக் கணக்குக் காட்டி வெளியிட வேண்டும் என்று 2017இல் விதிகள் வந்தன. வெளிப்படைத்தன்மை என்று பெயர். மேலாளர்கள் அதைச் சிக்கனம் என்று படித்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. ஆக, யார் வேட்பாளர் என்பதை வேட்புமனுவுக்கு வெகு முன்பே பணிப் பங்கீட்டு அட்டவணை தீர்மானித்துவிடுகிறது. தேர்தல் சட்டத்தின் எந்தப் பிரிவும் அந்த அட்டவணையைத் தொடுவதில்லை.

2014இல் நடந்தது இதை இன்னும் கடினமாக்கியது. நீதித்துறை அமைச்சர் கிரிஸ் கிரேலிங் இங்கிலாந்து, வேல்ஸ் நன்னடத்தைப் பணியை இரண்டாகப் பிளந்தார். ஆபத்து அதிகமுள்ள வழக்குகள் அரசின் தேசியச் சேவைக்கு. மற்றவை 21 மறுவாழ்வு நிறுவனங்களுக்கு, அவை பிற்பாடு தனியார் கைக்கு. நாப்போ 2013 நவம்பரிலும் அடுத்த வசந்தத்திலும் வேலைநிறுத்தம் செய்தது, நிறுத்த முடியவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் வெவ்வேறு முதலாளிகளின் ஊழியர்களானார்கள். பழைய கிளைகள், பிளவுக்கு முன் பணியை நடத்திய நன்னடத்தை அறக்கட்டளைகளின் எல்லைப்படி அமைந்தவை. புதிய முதலாளி ஒவ்வொருவரிடமும் பேச ஆள் வேண்டும், ஒவ்வொருவரிடமும் சங்க நேரத்துக்குத் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். 2021 ஜூனில் எல்லாவற்றையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றாக்கியது. ஏழு வருடத்தில் இரண்டு முறை தொகுதி மறுவரையறை நடந்த மாதிரி. உறுப்பினர் பட்டியலைச் சரிபார்ப்பதே பெரிய வேலை. வாக்குச்சீட்டு வீட்டு முகவரிக்குப் போக வேண்டும்; வீட்டு முகவரியை யாரிடமும் கொடுக்கத் தயங்கும் தொழில் இது.

யாருக்கு ஓட்டு என்பதிலும் சட்டம் சங்கத்துக்குக் கொஞ்சம் கயிறு விட்டிருக்கிறது. வேலையில் இல்லாதவர், சந்தா பாக்கி வைத்தவர், பயிற்சியில் இருப்பவர், புதிதாகச் சேர்ந்தவர் ஆகியோரை விதி எழுதி விலக்கிவைக்கலாம். சந்தா பாக்கிக்காரரை விலக்குவதில் தவறில்லை. தேர்தலுக்கு முந்தின நாள் யாரோ ஒருவர் மொத்தமாகப் பாக்கி கட்டி ஆட்களை இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். பயிற்சியில் இருப்பவரை விலக்குவது இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. அனுபவசாலிகள் போய்விட்ட இடங்களைப் புதியவர்களைக் கொண்டு நிரப்பிவரும் சேவை அது. நாளைக்கு முழு வழக்குச்சுமையும் ஏறப்போகிறவர் இன்றைக்கு வாய் திறக்கக் கூடாதென்றால், தகுதி பெற்றபின் அவர் ஏன் சங்கத்தில் நீடிக்க வேண்டும்? ஓய்வுபெற்றவர்கள் பற்றி எனக்கு எதிர்மாறான கருத்து. ஆலோசனைக்கு வரட்டும், தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எண்ணும் முறை பற்றி விரிவாகப் பேச அவசியமில்லை. ஒரு பதவிக்கு மூன்று பேர் நின்றால் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிக்கும் எளிய முறையில் மூன்றில் ஒரு பங்கு ஆதரவோடு தலைவராகிவிடலாம். விருப்ப வரிசை எழுதும் மாற்று வாக்கு முறையைச் சட்டம் அனுமதிக்கிறது. தயங்காமல் அதை எடுத்துக்கொள்ளலாம். அணி சேர்ந்து நிற்பதை, நம்மூரில் ‘பேனல்’ என்பதை, தடுக்க முயல்வதும் வீண். உறுப்பினர் அணிப் பட்டியலைப் பார்த்து நான்கு பதவிக்கும் டிக் போட்டால் அது அவர் விருப்பம். இரண்டு பேர் இணைத் தலைவர்களாக நிற்பது மட்டும் இந்தத் தொழிலுக்கு நல்ல யோசனை. சுமை பாதியாகும் என்றால் நிற்கத் துணிபவர் கூடுவார்கள். ஒரே குழப்பம், ஒருவர் நடுவில் விலகினால் மற்றவர் முழுத் தலைவரா, பாதித் தலைவரா என்பதை முன்கூட்டியே விதியில் எழுதிவைக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்விக்கு இடம் உண்டு. நாட்டுக்கெல்லாம் பொதுவான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958இல்தான் வந்தது. சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதற்கு இருபது வருடம் முன்பே தொடங்கிவிட்டது. பெரியவர்களுக்கான நன்னடத்தைப் பிரிவு சிறைத்துறையின் கீழ் இருக்கிறது. சிறார்களுக்கானது, சமூகப் பாதுகாப்புத் துறை என்று முன்பு அழைக்கப்பட்ட துறையின் பக்கம். ஒரே பெயர், இரண்டு துறை. இப்படிச் சிதறிக் கிடக்கும் சிறு தொகையினர் சங்கம் அமைத்தால் மாவட்டத்துக்கு ஓரிருவர் வீதம் மாநிலம் முழுதும் பரவியிருப்பார்கள். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான்: செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது, வருடம் ஒரு பொதுக்குழு, நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குப் படிவம் ஏழு. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைச் சங்கத்தின் துணைவிதிக்கே விட்டுவிடுகிறது. நடைமுறை நாம் அறிந்ததே. பொதுக்குழுவில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கைதட்டல், தீர்மானப் புத்தகத்தில் ‘ஒருமனதாக’ என்ற சொல், சால்வை. ஒற்றுமை குலையக் கூடாது என்று போட்டியிட வந்தவரை முந்தின இரவே சமாதானப்படுத்தி மனுவைத் திரும்பப் பெறவைத்திருப்பார்கள். அந்தச் சமாதானத்தில் யாருக்கு எந்தப் பதவி பேசப்பட்டது என்பது தீர்மானப் புத்தகத்தில் வராது. வாக்கெடுப்பில் தோற்றவருக்குக்கூடத் தனக்கு எத்தனை பேர் ஆதரவு என்று தெரியும். சால்வை போர்த்தப்பட்டவருக்கு அது ஒருபோதும் தெரியாது.

இணையவழி வாக்கெடுப்பு இதற்கெல்லாம் மருந்து என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் சர் கென் நைட் 2017இல் அதைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். சோதனை நடத்திப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தார், அரசு ஆண்டுக்கணக்கில் ஆறப்போட்டது. கைபேசியில் ஓட்டுப் போடலாம் என்றால் பதிவாகும் வாக்கு கூடலாம். நிற்கும் ஆள் கூடமாட்டார். ஒரே பெயர் உள்ள சீட்டு, காகிதத்தில் இருந்தாலும் திரையில் இருந்தாலும், ஒரே பெயர் உள்ள சீட்டுதான்.

நான் துணைவிதி எழுதுவதாக இருந்தால் இரண்டு திருத்தங்களில் தொடங்குவேன். ஒருவர் மட்டும் நின்றாலும் சீட்டு போகட்டும். அதில் ‘வேட்புமனுவை மறுபடி திற’ என்ற இரண்டாவது கட்டம் இருக்கட்டும். பிரிட்டனின் மாணவர் சங்கங்களில் இது பழகிப்போன விஷயம். சட்டம் வாக்கெடுப்பு தேவையில்லை என்றுதான் சொல்கிறது, நடத்தக் கூடாது என்று சொல்லவில்லை. தபால் செலவு ஆகும் என்ற ஆட்சேபம் வரும், நியாயமானதும்கூட. சில ஆயிரம் உறைகளின் செலவைச் சந்தாவிலிருந்து கொடுக்க முடியாத சங்கம் வேறு கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது, தேர்தல் அறிவிப்புக்கு முன்பே வேலைக்கொடுப்பவரோடு எழுத்தில் ஒப்பந்தம்: தலைவருக்கு எத்தனை வழக்கு குறையும், பொருளாளருக்கு எத்தனை, அவை யாரிடம் போகும், அதற்கு மாற்று ஆள் யார். அறிவிப்பிலேயே அந்த எண்ணும் அச்சாக வேண்டும். இதற்கு எதிராகச் சொல்லப்படுவதும் பொய்யல்ல. வழக்கே பார்க்காமல் பல வருடம் தலைவராக இருப்பவருக்குத் தொழில் மறந்துபோகும். வாக்காளர்களின் அன்றாடம் அவருக்கு அறிக்கைகளில் படிக்கும் விஷயமாகிவிடும். ஆகவே மொத்த வழக்கையும் எடுத்துவிடாமல் ஒரு பகுதியை விட்டுவைக்கலாம். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவி கூடாது என்று எழுதலாம். பதவி முடிந்து திரும்புபவருக்கு முதல் நாளே முழுச் சுமையையும் ஏற்றாமல் சில மாதம் மறுபயிற்சி தரவேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தால், இப்போது கூட்டத்தில் நன்றாகப் பேசிவிட்டு மனு கொடுக்கும் வாரத்தில் காணாமல் போகிறவர்களில் சிலராவது படிவத்தைக் கேட்டு வாங்குவார்கள்.